கொக்கி செய்த ஜெபம்

கொக்கி என்ற பெயரைப் பெரியக்கா முதன்முதலில் கேட்டது சபைக் கூடத்தில், விருந்தாளிகளை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்த அன்று. கடல் தாண்டி ஐந்து பெண்கள் வருகிறார்கள், பத்து நாள் தங்கி இங்குள்ள பெண்களுக்கு வழித்துணைப் பயிற்சி கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு மாதமாகவே பேச்சு. புதிதாகக் கல்யாணமானவள், வேலை தேடி வந்தவள், துணையை இழந்தவள் என்று யார் தடுமாறி நின்றாலும், பக்கத்தில் போய் நிற்க ஒரு பெண்ணைத் தயார் பண்ணுவதுதான் அந்தப் பயிற்சி. பட்டியலை வாசித்துக்கொண்டு வந்த சபைச் செயலாளர் ஓரிடத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியக்கா வீட்டுக்கு... கொக்கின்னு போட்டிருக்கு."

"மனுஷப் பேரா அது?" என்றாள் பெரியக்கா. கூடமே சிரித்தது.

பெரியக்கா ஆறு பிள்ளைகளில் மூத்தவள். தம்பி தங்கைகள் கூப்பிட்டு, அவர்கள் பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டு, கடைசியில் சபைக்கே பெரியக்கா ஆகிவிட்டாள். ஆஸ்பத்திரியின் சலவை அறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை. ஆவியும் சோப்பு வாடையுமாக இருக்கும் அந்த நீள அறையில், அவள் மடித்து அடுக்கிய விரிப்புகள் செங்கல் வைத்துக் கட்டியதுபோல் நிற்கும். பேச்சையும் அப்படித்தான் மடித்து உள்ளே வைத்துவிடுவாள்.

வந்து இறங்கியவளோ நேர் எதிர். செருப்பைக் கழற்றுவதற்குள் தன் வம்சத்தையே சொல்லி முடித்துவிட்டாள். திரைச்சீலை தைக்கிறவள். போகிறவர் வருகிறவரையெல்லாம் பேச்சில் மாட்டி நிறுத்திவிடுகிறாள் என்று தாய்மாமன் வைத்த பேர் கொக்கி. இந்தச் சபைப் போதகரின் மனைவியான போதகர் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட நாத்தனார். அந்தச் சலுகையில்தான் குழுவில் இடம் கிடைத்தது என்று கூட வந்த நாலு பேரும் முணுமுணுத்தார்கள். அது பாதிதான் உண்மை.

மீதி உண்மை இது. கல்யாணமாகி ஆறாம் வருஷமே புருஷன் செத்துப்போனான். அவன் தங்கைகள் இரண்டு பேரையும் மெஷின் மிதித்தே வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள் கொக்கி. அண்ணி என்று அழைக்க வேண்டியவர்கள் அம்மா என்று அழைத்தார்கள். கஷ்டம் என்று யார் வந்தாலும் அவளுடைய பின்னறையில் உட்கார்ந்து அழுவார்கள். அவள் அதைப் புதன்கிழமைப் பெண்கள் கூட்டத்துக்கு எடுத்துப் போய், ஜெப விண்ணப்பம் என்று எழுந்து உரக்கச் சொல்லுவாள். மறுநாளே ஒருத்தி அரிசி கொண்டு வருவாள், ஒருத்தி தன் தம்பியிடம் சொல்லி வேலை பார்த்துத் தருவாள். அவள் புருஷன் போனபோதும் அப்படித்தான் அடுப்பு எரிந்தது. நாலு காதில் விழுந்தால்தான் கை வந்து தாங்கும் என்பது அவள் வாழ்ந்து கண்டது.

நாலாம் நாள் மாலை, மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது பெரியக்கா வாய் திறந்தாள். ஏன் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பத்து நாளில் போய்விடுகிறவள்தானே என்று நினைத்தாளோ என்னவோ.

மகளுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். நாலு மாதமாகப் புருஷனைப் பிரிந்து, வேலை பார்க்கும் ஊரிலேயே பெண்கள் விடுதியில் இருக்கிறாள். மாப்பிள்ளையும் தன் வீட்டில் சொல்லவில்லை. வாரா வாரம் இரண்டு பேரும் சந்தித்துப் பேசுகிறார்கள், ஒட்டினாலும் ஒட்டும். "ரெண்டு குடும்பமும் நடுவுல குதிச்சா கெட்டுப்போயிடும்மா, நாங்களே பாத்துக்கறோம்" என்று மகள் சத்தியம் வாங்கியிருந்தாள். கேட்ட கொக்கி அழுதாள். பெரியக்காவுக்கு நாலு மாதத்தில் அன்றுதான் மூச்சு சீராக வந்தது.

ஐந்தாம் நாள் பயிற்சியில், வழித்துணை எப்படி ஜெபிக்க வேண்டும் என்று செய்துகாட்டும் முறை கொக்கியுடையது. பெரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். "ஆண்டவரே, இந்தத் தாயோட மகள் புருஷனைப் பிரிஞ்சு விடுதியில கெடக்கா..." என்று தொடங்கி, ஒன்று விடாமல், கண்ணீர் வழிய, ஊரறியச் சொன்னாள். பெரியக்கா கையை உருவிக்கொண்டு கண்ணைத் திறந்தாள். மூன்றாவது வரிசையில் இன்னொருத்தியும் கண்ணைத் திறந்திருந்தாள். அவள் சம்பந்தியம்மாவின் கூடப்பிறந்த தங்கை.

மத்தியானத்துக்குள் மகளின் போன் வந்துவிட்டது. "அத்தையும் மாமாவும் பஸ் ஏறிட்டாங்களாம். உன்கிட்ட மட்டும்தானேம்மா சொன்னேன்?" அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

"உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?" மகள் கேட்டதையே பெரியக்கா கொக்கியிடம் கேட்டாள்.

"நான் ஆண்டவர்கிட்டதானேக்கா சொன்னேன்..."

"அவருக்கென்ன காது கேக்காதா? மைக்கு வெச்சுத்தான் சொல்லணுமா?"



வேறு வீட்டுக்கு மாறிக்கொள் என்று போதகர் அம்மா சொல்லியும் கொக்கி போகவில்லை. ஒரே வீட்டில் இரண்டு நாள், காபி டம்ளர் வைக்கும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. மூன்றாம் நாள், விருந்தாளிகள் ஐந்து பேருக்கும் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்திருந்த விரிப்புகளையும் துவைத்துப் போட்டிருந்த பெரியக்கா, ஒரு முனையைக் கொடியில் சொருகி மறுமுனையை இழுத்துத் தனியாக மடித்துக்கொண்டிருந்தாள். கொக்கி வந்து கொடியிலிருந்த முனையை எடுத்துக்கொண்டாள். பெரியக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. இழுத்து, உதறி, கிட்டே வந்து, முனை சேர்த்து, விலகி, பத்து விரிப்பும் முடிந்தது.

"ஒரு வார்த்தை பேசலியே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"பேசினா நியாயம்தான் பேசுவேன்க்கா. நியாயம் என் பக்கம் இல்ல."

கடைசி நாள் கூட்டத்தில் கொக்கி எழுந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். "ஒரு வீட்டு விஷயத்தை ஜெபம்ங்கிற பேர்ல கடை விரிச்சிட்டேன். அந்தப் பொண்ணு எனக்குக் குடுக்காத உரிமை அது. பயிற்சிப் புத்தகத்துல விண்ணப்பத்தை எழுந்து சொல்லணும்னு இருக்கில்ல, அந்தப் பக்கத்தை அடிச்சிடுங்க" என்றாள்.

போதகர் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சொல்லாம எப்படி அண்ணி ஜெபிக்கிறது?"

"அவருக்குத் தெரியாததையா நாம சொல்லப்போறோம்? யாரு வீட்டுக் கதையோ, அவங்க சொல்லச் சொன்னா மட்டும் சொல்லுவோம்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. மூன்றாவது வரிசைக்காரி தலை குனிந்திருந்தாள்.

கெட்டது கெட்டதுதான். சம்பந்தி வீட்டார் விடுதி வாசலில் நின்று சத்தம் போட்டு, மகனைக் கையோடு தங்கள் ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். வாரா வாரம் நடந்த பேச்சு நின்றுபோனது. மகள் மூன்று மாதம் தாயிடம் பேசவில்லை. நாலாம் மாதம் அவளே வந்து உட்கார்ந்தபோது, கொக்கி கூட்டத்தில் சொன்னதைப் பெரியக்கா ஒன்று விடாமல் சொன்னாள். மகள் போனைக் கையில் எடுத்தாள்.

"இத்தனை பேர் என் வாழ்க்கையில கை வெச்சாங்க. தப்புன்னு சொன்னது அந்தம்மா ஒருத்திதான். நம்பர் இருக்கா?"

பேசினாள். என்ன பேசினாள் என்று பெரியக்கா கேட்கவில்லை. கொக்கியும் சொல்லவில்லை.

இப்போது பெரியக்கா புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு வழித்துணை. மகள் இன்னும் விடுதியில்தான் இருக்கிறாள். கொக்கி தன் ஊரில், திரைச்சீலைக் கடையின் பின்னறையில், அதே மெஷினில் தைத்துக்கொண்டிருக்கிறாள். புதன்கிழமைக் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறாள். விண்ணப்ப நேரத்தில் எழுவதில்லை.