வழவழப்பான மூளை

ஹிஸ்கேவுக்குக் கோபம் மூக்கு நுனியில். ஃபிரீஸ்லாந்துப் பால்பண்ணைக்காரர் மகள். அந்தக் கோபத்தாலேயே இரண்டு வேலைகளை விட்டாள், ஒரு புருஷனையும் விட்டாள். புருஷன் போனதில் நஷ்டமில்லை என்று அவளே சொல்வாள். உத்ரெக்ட் நகரத்து இந்தச் சின்னக் கம்பெனி மட்டும் அவளைப் பொறுத்துக்கொண்டது. எம்.ஆர்.ஐ. காயில் செய்வதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை.

காயில் என்பது ஸ்கேன் எடுக்கும்போது தலையில் மாட்டுகிற தொப்பி மாதிரி ஒன்று. உள்ளே செம்பு வளையங்கள். தலைக்குள்ளிருந்து வரும் மெல்லிய சிக்னலை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். பக்கத்து வளையத்தின் மேல் சரியான அளவுக்கு ஏறி உட்கார்ந்தால்தான் ஒன்றின் பேச்சில் மற்றது தலையிடாது. அந்த அளவைப் பிடிக்க ஹிஸ்கே குளிர்காலம் முழுக்க மல்லுக்கட்டினாள். வலிப்பு வரும் குழந்தைகளுக்கான காயில் அது. வலிப்பைக் கிளப்பும் தழும்பு மூளையில் எங்கே என்று தெரிந்தால்தான் கத்தி வைக்க முடியும்.

முதலாளி யோரிஸ் என்ன செய்தான்? அவள் விடுமுறையில் போன சமயம் பார்த்து, கண்காட்சிக்கு எடுப்பாக இருக்கட்டுமென்று காயிலின் வெளிக்கூட்டை ஒல்லியாக்கினான். வளையங்கள் இடம் மாறின. தலைக்குப் பதிலாக உப்புத்தண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்து, ஒரு வளையத்தைச் சோதிக்கும்போது மற்றவற்றை அணைத்துவிட்டான். தனியாக இருப்பவன் யாரோடு சண்டை போடுவான்? எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டபோது படத்தின் நடுவில் புள்ளிபுள்ளியாக இரைச்சல். அதை மென்பொருளால் மெழுகிவிட்டான்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் அனெலூஸ் காயிலைப் பார்க்க வந்த அன்று யோரிஸுக்குப் பிறந்தநாள். அவனே வாங்கிவந்த ஆப்பிள் கேக்கோடு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். விடுமுறை முடிந்து வந்த ஹிஸ்கேவைப் படுக்கவைத்துக் காலையில் எடுத்த படம் திரையில். அவள் தலை சின்னது, குழந்தைக் காயிலிலும் நுழையும்.

“நல்லா இருக்குல்ல?” என்றான் யோரிஸ்.

“அது என் மூளை,” என்றாள் ஹிஸ்கே. “அம்பது வருஷமா எல்லாரோடயும் சண்டை போட்ட மூளை. அவ்வளவு வழவழன்னு இருக்க வாய்ப்பே இல்ல.”

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“பிறந்தநாளும் அதுவுமா ஏன் ஹிஸ்கே? பாட்டில்ல எல்லா வளையமும் பாஸாச்சு.”

“பாட்டிலுக்கு வலிப்பு வராது, யோரிஸ்.”

எழுந்து போய் மெழுகலை நிறுத்தினாள். படத்தின் நடுவில் மணலை வாரி இறைத்தது போல ஆயிற்று.

யோரிஸ் சமாளித்தான். “கொஞ்சம் புள்ளி எல்லா ஸ்கேன்லயும் இருக்கும். உங்க பழைய காயிலுக்கு இது எவ்வளவோ மேல், டாக்டர்.”

டாக்டர் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். “அந்த நடுவுல சின்னதா ஒரு தழும்பு இருந்தா தெரியுமா?”

யோரிஸ் கேக்கை மென்றுகொண்டிருந்தான்.

“தெரியாது,” என்றாள் ஹிஸ்கே. “ஒண்ணும் இல்லன்னு எழுதிடுவீங்க.”

“போன வருஷம் ஒரு பொண்ணுக்கு அப்படித்தான் எழுதினேன்.” டாக்டரின் குரல் உயரவில்லை. “அப்புறம் ஒருநாள் குளிக்கிற தொட்டியில வலிப்பு வந்துச்சு. பக்கத்துல யாரும் இல்ல. பழசை விட மேல்னு சொல்லி எனக்கு எதையும் விக்காதீங்க.”

யோரிஸுக்கென்று சேர்த்துவைத்திருந்த வசவெல்லாம் ஹிஸ்கேவின் நாக்கிலேயே நின்றுவிட்டது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து, எல்லோர் முன்னாலும் அந்த ஒல்லிக் கூட்டைக் கழற்றத் தொடங்கினாள். கழன்ற திருகாணிகளை ஒவ்வொன்றாக யோரிஸின் கேக் தட்டில் போட்டாள்.