அக்கா தண்ணீரில் நிற்கிறாள்

"நாலு, அஞ்சு, ஆறு..." என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே லூணாராம் படித்துறையில் இறங்குகிறார். ஏழாவது படியில் தண்ணீர் செருப்பை நனைக்கிறது. அவ்வளவுதான். மேலே ஜீப்பருகில் நிற்கும் பயணிகளைப் பார்த்துக் கத்துகிறார். "ஏழு! போன செவ்வாக்கிழம ஒம்போது! ரெண்டு படி ஏறிருக்கு, பாத்துக்குங்க!" பயணிகள் யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் கழுத்தை ஒடித்துக்கொண்டு, ஏரிக்கு நேர்மேலே பாறையோடு பாறையாக எழுந்து நிற்கும் ஜோத்பூர்க் கோட்டையைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"கோட்டை எங்க போயிறப் போவுது? ஐநூறு வருசமா அங்கதான் கெடக்கு. நாளைக்கு வந்தாலும் கெடக்கும். தண்ணி அப்படியா? இன்னிக்கு இருக்கும், நாளைக்கு நீங்களும் நானும் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான்." இதை லூணாராம் வாரத்துக்கு நாலு பேரிடமாவது சொல்லிவிடுகிறார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை.

வயது நாற்பத்தெட்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் உறவு முறிந்தது. காதுவரை ஏறிய மீசை, கழுத்தில் வியர்வைத் துண்டு, சொந்தமாக ஒரு வெள்ளை ஜீப். அது வெள்ளை என்பது மழை பெய்தால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாகக் கோட்டை, அரண்மனை, கோயில், ஏரி என்று ஊராரை ஏற்றி இறக்குகிறார். கோட்டைக்கு இரண்டு மணி நேரம், அரண்மனைக்கு ஒன்று, கோயிலுக்கு முக்கால் என்று கணக்கு வைத்திருக்கிறார். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலைத் தாண்டி உள்ளே போனதில்லை. "இதைக் கட்டினது யாரு?" என்று கேட்டால், "யாரோ ஒரு ராஜா. உள்ள போனா காதுல ஒரு மிஷினை மாட்டி விடுவாங்க, அது சொல்லும். இந்த ஏரியை வெட்டினது ஒரு ராணி. அதைக் கேளுங்க எங்கிட்ட" என்பார்.

மற்ற டிரைவர்கள் வாசலில் சீட்டாடுவார்கள். லூணாராம் ஒரு கையில் மிளகாய் வடையோடு, மேற்கேயிருந்து வரும் லாரிகளின் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒட்டியிருக்கும் சேற்றின் நிறத்தை வைத்தே எந்த ஊரில் மழை என்று சொல்லிவிடுவார். "மஞ்சச் சேறு. பலோதிப் பக்கம் கொட்டியிருக்கு." லாரிக்காரன் ஆமாம் என்று தலையாட்டினால், தானே பெய்வித்ததுபோல அவர் முகம் மலரும்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் அவருடைய அக்கா தாப்பு. ஓசியானுக்கு அந்தப் பக்கம், மணலுக்குள் இருக்கும் தேவ்லாசரில் வாழ்க்கைப்பட்டவள். அந்த ஊர்ப் பெண்கள் கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரிக்குள் இறங்கி, கூடை கூடையாக வண்டலை அள்ளிக் கரையில் கொட்டுவார்கள். வேண்டுதல் அது. ஏரி விளிம்புவரை நிறைந்த வருடத்தில், ஆவணி கழிந்து வரும் ஏகாதசியன்று, அவர்களுடைய அண்ணனோ தம்பியோ பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கொண்டு வர வேண்டும். இருவரும் தண்ணீரில் இறங்கி ஒரே பானையைப் பிடித்து ஏரியை அலைக்க வேண்டும். அவள் கையால் அவனும் அவன் கையால் அவளும் தண்ணீர் குடித்து, அவன் கைபிடித்து அழைத்து வந்தால்தான் அவள் கரையேறலாம்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த ஏரி நிறைந்தது. அன்றைக்கு லூணாராம் ஜெய்சல்மேருக்கு அப்பால் ஒரு மணல்மேட்டில், சூரியன் மறைவதைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களோடு இருந்தார். செல்போனில் சிக்னல் இல்லை. தாப்பு அக்கா தண்ணீரிலேயே நின்று நின்று, கடைசியில் மாமியார் போட்ட சத்தத்தில் தனியாகக் கரையேறினாள். மறுநாள் போய் நின்ற தம்பியை அவள் திட்டவில்லை. ரொட்டி போட்டாள், மோர் ஊற்றினாள். அக்கா அவரைத் திட்டாமல் விட்டது அவர் பிறந்ததிலிருந்து அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு ஏரி நிறையவே இல்லை. அவள் மண் சுமப்பதையும் விடவில்லை.

இந்த வருடம் நிறைந்தது.

ஏகாதசிக்கு வண்டி ஓட்டுவதில்லை என்று லூணாராம் ஒரு மாதத்துக்கு முன்பே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அதற்கு முதல் நாள் கல்கத்தாவிலிருந்து வந்த ஹால்தார் தம்பதியை ஏற்றிக்கொண்டார். காலையில் கடைத்தெரு, பிறகு கோட்டை, அரண்மனை, பொழுது சாய ஓர் ஏரி. ஹால்தார் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். வெயிலுக்குக் குடையும், எழுதிக்கொள்ள நோட்டும் இல்லாமல் நகரமாட்டார். அவர் மனைவி பிரணதி அம்மாள், கணவர் நோட்டில் எழுதும் நேரத்தில் ஊரையே பார்த்து முடித்துவிடுகிறவர். இருவரையும் கோட்டைக்குள் அனுப்பிவிட்டு வடையைக் கடிக்கப் போகும்போது செல்போன் அடித்தது. மணி ஒன்று.

"எங்கடா இருக்க?"

"கோட்டை வாசல்ல. ஏன்க்கா?"

"நா பானையைத் தூக்கித் தலையில வச்சாச்சு. தொரை கோட்டை வாசல்ல நிக்கிறீங்களோ?"

"நாளைக்குத்தானக்கா ஏகாதசி? டயர்க்கடை காலண்டர்ல..."

"டயர்க்கடைக்காரனா வந்து என் ஏரியை நெறச்சான்? இங்க பூசாரி பஞ்சாங்கத்துல இன்னிக்குத்தான். ஊரே கெளம்பிருச்சு. வெயில் தாழுறதுக்குள்ள நீ வரணும். வரலைன்னா ஒண்ணும் கவலை இல்ல, ஹீராலால் இருக்கான். கடையைச் சாத்திட்டு, குளிச்சு, புதுத் தலைப்பா கட்டிக்கிட்டு வந்து உக்காந்திருக்கான். அவன் கையப் பிடிச்சு ஏறிக்கிறேன்."

ஹீராலால் தேவ்லாசரில் மளிகைக்கடை வைத்திருக்கிறவன். கூடப்பிறந்தவர்கள் என்று யாருமில்லை. போன வருடம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது பைக்கில் பின்னால் உட்காரவைத்து ஓசியான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன். ஏகாதசியன்று ஒருவன் கைபிடித்துக் கரையேற்றிவிட்டால் அன்றிலிருந்து அவன்தான் உடன்பிறந்தவன். அக்கா மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் கொண்டு வருகிறவன் ஹீராலால். லூணாராம் பந்தியில் உட்காரும் விருந்தாளி. அந்த ஊரில் இதற்கு மறுபேச்சுக் கிடையாது.

லூணாராம் வடையைப் போட்டுவிட்டு, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகக் கோட்டைக்குள் ஓடினார். டிக்கெட் ஜன்னலில் இருந்தவன், "யோவ், உனக்கு என்னய்யா உள்ள வேல?" என்று கூவியது பின்னால் கேட்டது. ஏழு வாசல், அத்தனையும் ஏற்றம். கண்ணாடிகள் பதித்த ஒரு கூடத்தில், காதில் மிஷினை மாட்டிக்கொண்டு கண்மூடி நின்ற ஹால்தாரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஐயா, அக்கா தண்ணில நிக்கிறா!"

"ஐயோ, முங்கிட்டாளா?" என்று பிரணதி அம்மாள் அலறினார்.

"முங்கலம்மா. நிக்கிறா!"

மூச்சுவாங்க விஷயத்தைச் சொன்னார். "உங்கள வேற வண்டில ஏத்தி விடறேன். நல்ல பையன். தப்பா நெனச்சிக்காதீங்க." ஹால்தார் நோட்டைப் புரட்டினார். "இன்னும் பீரங்கி பாக்கல. அரண்மனை பாக்கி. சாயந்தரம் ஏரி."

"ஏன், அவங்க அக்கா நிக்கிறது ஏரிலதான?" என்றார் பிரணதி அம்மாள். "வேற வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாங்களும் வரோம். ஏழு வருசமாக் காத்திருக்கிறவளைப் பாக்கறதா, பீரங்கியைப் பாக்கறதா? குடையை எடுங்க."

இறங்கி ஓடியதில் ஹால்தாரின் தொப்பி மூன்றாவது வாசலில் விழுந்தது. திரும்பி எடுக்க யாரும் நிற்கவில்லை. அரண்மனை ஜீப்பின் வலப்பக்கம் தோன்றி மறைந்தது. "அதோ, அதான் அரண்மனை. பாத்தாச்சா?" என்றார் லூணாராம். "பாத்தாச்சு" என்றார் பிரணதி அம்மாள். ஊரைத் தாண்டும் இடத்தில் லூணாராமின் மனைவி ஜம்னா, அவர் போன் செய்ததும் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து, சேலைப் பையோடு காத்திருந்தாள். வண்டி முழுசாக நிற்கவில்லை. பையை ஜன்னல் வழியாக எறிந்தாள். "காலண்டர் பாக்கத் தெரியாத மனுசன்!" என்று அவள் கத்தியது பாதி தூரம் கூடவே வந்தது.

ஓசியானில் ஹால்தார், "அம்மன் கோயிலையாவது பாக்க வேணாமா? புண்ணியம்யா" என்று இழுத்தார். சகுனம் பார்க்கிற லூணாராமுக்கும் அம்மனைக் கடந்து போகப் பயம். "பத்து நிமிசம்" என்று வண்டியை நிறுத்தினார். மேலே வரிசையாக வளைவுகள், அத்தனை படி. அறுபத்தாறு வயதுக்காரர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்பதாவது நிமிடத்தில் ஓடிவந்தார், நெற்றியெல்லாம் குங்குமம். "உங்கக்காவுக்கும் சேத்துக் கும்பிட்டாச்சு. எடு வண்டியை!" அப்போதுதான் லூணாராமுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

சிரிப்பு நிலைக்கவில்லை. அக்கா மறுபடி கூப்பிட்டாள். பின்னால் தவில்போல ஏதோ முழங்கியது. "முட்டிவரைக்கும் எறங்கிட்டோம். எனக்கு முன்னால ஒம்பது பேரு. எங்க வர?"

"ஓசியான் தாண்டியாச்சுக்கா!"

"நீ ஓசியான் தாண்டினது இருக்கட்டும். ஹீராலால் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டான்."

மணல்பாதையில் திரும்பியதும் செம்மறியாட்டு மந்தை. நானூறு ஆடாவது இருக்கும், வழியை அடைத்துக்கொண்டு அசைபோட்டு நடந்தன. லூணாராம் ஹாரனை அழுத்தினார். ஆடுகளுக்கு அது பழகிய சத்தம். மேய்க்கிறவன் வேலமரத்தடியில் படுத்தபடியே, "அதுகளாப் போவும்" என்றான். ஹால்தார் கதவைத் திறந்து குதித்தார். குடையைப் படீரென்று விரித்து, மூடி, விரித்து, "ஹேய்! ஹேய்!" என்று மந்தைக்குள் புகுந்தார். ஆடுகள் இதற்குமுன் குடையைப் பார்த்ததில்லை. கம்பங்கொல்லைப் பக்கம் அலறியடித்துக்கொண்டு பிளந்தன. "ரயில் விட்ட கைய்யா இது!" என்று ஓடும் வண்டியில் தொற்றி ஏறினார். பிரணதி அம்மாள் கணவரை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

கடைசி மேட்டில் ஏறியதும் ஏரி தெரிந்தது. லூணாராம் தன்னையறியாமல் பிரேக்கை மிதித்துவிட்டார். வானம் கீழே வந்து படுத்ததுபோல, கரைக்குக் கரை தண்ணீர். மறுகோடியில் கலிங்கு வழிந்து வெள்ளையாகச் சரிந்தது. கரை நிறைய சிவப்பும் மஞ்சளுமாகப் பெண்கள். முழவு, பாட்டு, கூச்சல். தண்ணீரில் ஒரே ஒருத்திதான் மிச்சம் நின்றாள். அவளை நோக்கிப் பச்சைத் தலைப்பாகை ஒன்று மெதுவாக, தொடையளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தது.

"டேய் ஹீராலால்! நில்லுடா அங்கயே!"

லூணாராம் சேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையிலிருந்து சரிந்து, செருப்பும் சட்டையும் சட்டைப்பையில் செல்போனுமாகத் தண்ணீரில் விழுந்து எழுந்தார். கரை முழுக்கச் சிரித்தது. ஹீராலால் நின்ற இடத்திலேயே நின்றான். தாப்பு அக்கா தலையில் பானையோடு அசையாமல் இருந்தாள். தம்பி இடுப்பளவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து சேர்ந்ததும் மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க கோட்டைக்காரரே. என் ஏரிக்கு டிக்கெட் எடுத்தீங்களா?"

"திட்டுக்கா. நல்லாத் திட்டு" என்றார் லூணாராம்.

"திட்டறதுக்கு ராத்திரி முழுக்க இருக்கு. பிடி பானையை."

இருவரும் பானையைப் பிடித்து இடமும் வலமுமாக அலைத்தார்கள். ஏழு கோடை அவள் மண்ணெடுத்த பள்ளத்தில் நின்ற தண்ணீர் வட்டவட்டமாக விரிந்து கரையைப் போய் இடித்தது. பெண்கள் பாட்டின் சுதியை ஏற்றினார்கள். அக்கா இரு கையாலும் மொண்டு நீட்டினாள். மண்வாசனை அடித்தது. "சிந்தாமக் குடி" என்றாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அவர் மொண்டு கொடுத்ததை அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். புதுச்சேலையைத் தலையோடு போர்த்தியதும் கரையில் ஒரே குலவை. பிரணதி அம்மாளும் குலவையிட்டது தனியாகக் கேட்டது. கல்கத்தாப் பக்கத்துக் குலவை வேறு மாதிரி.

இனிக் கைபிடித்துக் கரையேற்ற வேண்டியதுதான். லூணாராம் அக்காவின் வலது கையைப் பிடித்துத் திரும்பினார். வழியில் ஹீராலால் இன்னும் அதே இடத்தில் நின்றான். மடித்த வேட்டி நனைந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்தான். காற்றில் அதன் ஓரம் படபடத்தது. சிவப்பில் மஞ்சள் புள்ளி, மடிப்புக் கலையாத புதுச்சேலை.

லூணாராம் நின்றார். அவனைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா மளிகை, மரமாட்டம் நிக்கிற?" என்று அதட்டினார். குனிந்து அக்காவின் இடது கையைத் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்து, ஹீராலால் பக்கம் நீட்டினார்.