போனுக்குச் சொன்ன ‘வாங்க’

ஜேடர்பாளையத்து மத்தியானங்கள் எனக்குப் பாதித் தூக்கத்தில் கண்டவையாகவே நினைவிருக்கின்றன. ஆற்றுக்காற்று ஜன்னல் வழியே வந்து முகத்தைத் தொட்டுவிட்டுப் போகும். வாசலில் அப்பாவின் லாரி வெயில் காயும். கூடத்து மேசையில், அம்மா பூப்போட்ட துணி போர்த்திய கறுப்பு டெலிபோனும் எங்களோடு சேர்ந்து கண்ணயரும்.

மணி அடித்தால் எடுத்து, “அலோ, யாரு பேசறதுங்க?” என்று கேட்கவேண்டும். இது அப்பாவின் பாடம். அம்மாவுக்கு அது ஏறவே இல்லை.

“ஊடு தேடி வந்தவங்களப் பார்த்து யாருன்னா கேப்பாங்க?” என்பாள். எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்து, ரிசீவரைக் காதில் வைத்ததும் “வாங்க” என்பாள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

“பம்பாயில லோடு ஏத்தறவன வாங்கன்னா எப்புடி வருவான்?” என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல்லுக்காக உறவே அறுந்துபோகும். அம்மாவின் அண்ணன், எருமப்பட்டி மாமா, எங்கள் புதுவீட்டு விசேஷத்துக்குச் சீர்த்தட்டோடு வந்திருந்தார். டிரைவரோடு பேசிக்கொண்டிருந்த மும்முரத்தில் அப்பா அவரை ‘வாங்க’ என்று கேட்கவில்லை. மாமா தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அப்பாவும் பின்னால் போய்க் கூப்பிடவில்லை. அதன்பிறகு அம்மா பிறந்த வீட்டுப் பக்கம் போகவில்லை, பேச்சையும் எடுக்கவில்லை. மாமன் மடியில் உட்காராமல் காது குத்தக் கூடாது என்பதால், பள்ளிக்கூடம் போகும் வயதிலும் என் காது மூளியாகவே கிடந்தது. எனக்கு இருந்த ஒரே துக்கம் கம்மல் போட முடியாததுதான்.

ஒரு மத்தியானம் மணி அடித்தது. அப்பா சாய்வு நாற்காலியில் கண்மூடிப் படுத்திருந்தார். அம்மா எடுத்தாள். காதில் வைத்தபடி சற்று நேரம் நின்றாள். பிறகு, “வாங்க” என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறையும் “வாங்க” என்றாள். ரிசீவரை வைத்துவிட்டாள்.

“ஆரு?” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

“தெரியலீங்க. வெச்சுட்டாங்க.”

மறுநாள் காலை, வாழைத்தாரோடு மாமா வாசலில் நின்றார். அப்பா எழுந்துவிட்டார்.

“வாங்க மச்சான், வாங்க!”

“அம்மிணி போன்ல வாங்கன்னு சொல்லுச்சு மாப்ள. அதான் வந்தேன்.”

“மணி அடிச்சா ஆருன்னு கேக்காம வாங்கம்பா உங்க தங்கச்சி!” என்று அப்பா சிரித்தார். மாமாவும் சிரித்தார். நான் தரையில் உருண்டு சிரித்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு காப்பி போடப் போனாள். மாமா எதற்காகக் கூப்பிட்டார் என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தையில் அவர் மடியில் எனக்குக் காது குத்தினார்கள். அம்மா அழுதாள். எனக்கு வலிக்குமே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும்போது, வீட்டுக்கு முதல்முறையாக டிரங்க் கால் போட்டேன். எக்சேஞ்சுக்காரர் குரல்தான் முதலில் கேட்டது. எந்த ஊரிலிருந்து யார் பேசுகிறார்கள் என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு, “பேசுங்க” என்றார். அதன்பிறகுதான் அம்மாவின் குரல் வந்தது. எனக்கு மாமா கூப்பிட்ட அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது. பம்பாயோ எருமப்பட்டியோ, வெளியூர் அழைப்பு எதுவும் பெயர் சொல்லாமல் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. லாரிக்காக நாள் தவறாமல் டிரங்க் கால் பேசிய அப்பாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?