மாடிப்படிக் கேட்டின் கொண்டி

என் மகள் தவழ ஆரம்பித்தபோது நாங்கள் நீடாமங்கலத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள். தெருவாசலிலிருந்து பதினேழு படி ஏறினால் எங்கள் கூடம். மாடிப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே கதவு கிடையாது. அந்தத் திறப்பில் வரும் காற்றுக்காகவே வீட்டைப் பிடித்தோம். குழந்தை முழங்காலில் நகர ஆரம்பித்த பிறகு அந்தத் திறப்பை அடைக்க வழி தேட வேண்டியதாயிற்று.

முதலில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டோம். பத்தே நாளில் அவள் அதற்கடியில் புகுந்து மறுபக்கம் தலையை நீட்டினாள்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் டீச்சர். கூட வேலை பார்த்த ஒரு டீச்சர் வீட்டில், சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிளாஸ்டிக் கேட் ஒன்று இருந்தது. குழந்தைகளுக்கென்றே செய்தது. இரண்டு பக்கச் சுவரிலும் திருகு முறுக்கி அழுத்தி நிறுத்தலாம். ஆணி அடிக்க வேண்டியதில்லை. பார்க்க அழகாக இருந்தது. நான் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன், கேட் கையோடு வந்துவிட்டது. அடுப்படி வாசலுக்கு அது போதும். படியின் தலைமாட்டில் அதை நம்பிக் குழந்தையை விட முடியாது. அடியில் ஒரு குறுக்குச் சட்டம் வேறு, தாண்டிப் போகும் பெரியவர்களே தடுக்கி விழுவார்கள்.

மன்னார்குடி ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். வந்து அளவெடுத்தார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல சாக்பீஸால் தரையிலேயே வரைந்தார். கம்பி எல்லாம் நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும்; குறுக்குக் கம்பி போட்டால் ஏணி மாதிரி ஏறிவிடுவாள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே தலை நுழையக் கூடாது. கேட் கூடத்துப் பக்கம்தான் திறக்க வேண்டும், படிப்பக்கம் திறக்கவே கூடாது. கொண்டியைத் தூக்கி, அதற்கப்புறம் இழுத்தால்தான் திறக்க வேண்டும். ஒரே அசைவில் திறந்துவிடக் கூடாது.

"ஸ்பிரிங் வச்சுத் தரட்டுங்களா டீச்சர்? கைய விட்டா தானா சாத்திக்கும்."

விரல் நசுங்கிவிடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். சுவரில் துளை போட்டு, சிமெண்டு வைத்துப் பூசி நிறுத்திவிட்டுப் போனார். என் கணவர் அதன்மேல் முழு எடையையும் சாய்த்துப் பார்த்தார், அசையவில்லை.

ஸ்பிரிங் இல்லாததால் சாத்துகிற வேலை ஆட்களுடையதாயிற்று. பால்காரர், வீட்டுக்கார அம்மா, விருந்தாளி, யார் மேலே வந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: "போனாலும் சாத்துங்க, வந்தாலும் சாத்துங்க." எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சாத்தினார்கள்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "மாட்டுக்குத் தட்டி கட்டுன மாதிரி கட்டியிருக்க" என்றார்.

எனக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். கீழ்வேளூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பா பண்ணையாளாக இருந்தவர். விவசாயச் சங்கக் கொடி பிடித்து, அடி வாங்கி, ஜெயிலுக்கும் போய் வந்த பிறகு, உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த உபரி நிலத்தில் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், அவர் பெயருக்குப் பட்டாவானது. அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா போனதும் நிலம் எங்கள் இருவர் பெயருக்கும் வந்தது. அண்ணன்தான் சாகுபடி செய்தார். என் பங்கை அவருக்கே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொல்லி ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மோட்டாருக்கு கனெக்‌ஷன் கேட்டா, ரெண்டு பேர் பட்டான்னு இழுத்தடிக்கிறானுவ. பேருக்குத்தான் கேக்குறேன் தங்கச்சி. நெலம் எங்க போயிடப் போவுது?"

அப்பா இருவரையும் உட்காரவைத்து, இது ரெண்டு பேருக்கும்தான் என்று சொல்லியிருந்தார். அதனால் நான் பிடி கொடுக்காமலே இருந்தேன்.

மகளுக்குப் பதினான்கு மாதம். நடக்கப் பழகியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு அண்ணன் மேலே வந்தார். கணவருக்கு ரயில்வே ஸ்டேஷனில் டியூட்டி. துவைத்த துணி வாளியில் கிடந்தது.

"நீ போயி காயப்போட்டுட்டு வா. நான் பாத்துக்குறேன்" என்றார்.

மொட்டை மாடிக்குப் போனேன். நாலைந்து துணிகூட உதறியிருக்க மாட்டேன், கீழே ஏதோ உருளும் சத்தம். அதன்பின் ஒரு நொடி எந்தச் சத்தமும் இல்லை. அப்புறம்தான் அழுகை. ஓடி வந்தேன். படி திரும்பும் இடத்தில் அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம். கேட் விரியத் திறந்து கிடந்தது.

"கொண்டி நிக்கல தங்கச்சி. புள்ள கம்பியப் புடிச்சு இழுத்துது, தானா தெறந்துக்கிச்சு."

அவரேதான் கார் பிடித்தார். தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை. நெற்றியில் தையல், இடது கையில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் இருந்த நாலு நாளும் எங்களோடு வராந்தாவிலேயே கிடந்தார். மாத்திரை வாங்க, காபி வாங்க, டாக்டரைத் தேட எல்லாவற்றுக்கும் அவர்தான் ஓடினார். இப்படி ஒரு அண்ணனைப் போய் ஒரு கையெழுத்துக்காக அலைக்கழித்தோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

வீடு திரும்பியதும் பட்டறைக்காரரை வரச் சொன்னேன். அவர் உட்கார்ந்து கொண்டியைத் தூக்கினார், இழுத்தார், சாத்தினார். கொண்டியைத் தூக்காமல் கம்பியைப் பிடித்து இழுத்து உலுக்கினார். கேட் திறக்கவில்லை.

"டீச்சர், இது தானா தெறக்காதுங்க. யாரோ தெறந்துட்டுச் சாத்தாம போயிருக்காங்க."

"அப்ப எங்க அண்ணன் பொய் சொல்றாருங்கறீங்களா?"

அவர் பழைய கொண்டியை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்துக் கொடுத்தார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் அதோடு விடவில்லை. தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் அவர் வேலை சரியில்லை, என் பிள்ளை உயிர் பிழைத்ததே பெரிது என்று சொன்னேன்.

மகளின் கையில் மாவுக்கட்டு இருந்தபோதே ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் அண்ணி தனியாக வந்தாள். கேட்டைத் திறந்து உள்ளே வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"நெலத்த வித்துப்புட்டாரு. எறால் பண்ணைக்காரனுக்கு. எங்கிட்டகூடச் சொல்லல. காலையில மிஷின் வந்து வரப்ப வெட்டயிலதான் எனக்கே தெரியும்."

 கடலோரம் வரிசையாக இறால் வளர்க்கக் குட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். உப்புத்தண்ணீர் தேங்கிய இடத்தில் பிறகு நெல் விளையாது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இன்னொண்ணும் சொல்லிடுறேன். இத மறைச்ச பாவம் எனக்கு வேணாம். அன்னிக்கி வண்டியில பத்திரம் இருந்த பைய எடுக்கக் கீழ எறங்குனாராம். கேட்ட சாத்தல. புள்ள பின்னாடியே வந்திருக்கு. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு."

அண்ணி போனபின் வெகுநேரம் நான் அந்தக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவர், என்னை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டு எடுக்கப் போனது அந்தப் பத்திரத்தை. மறந்து சாத்தாமல் விட்டதை நான் மன்னித்திருப்பேன். எத்தனையோ முறை என் கணவரும் மறந்திருக்கிறார், நானே ஒருமுறை மறந்திருக்கிறேன். ஆனால் நாலு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் முகத்தைப் பார்த்தபடி அவர் அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

மறுநாள் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அண்ணன் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அன்னிக்கே ஏண்ணே சொல்லல?" என்றேன்.

வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "சொல்லியிருந்தா நீ கையெழுத்துப் போட்டிருப்பியா?"

நிலத்தைப் பற்றிக் கேட்க வந்தவள் நான். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. காபி சாப்பிட்டுப் போகச் சொன்னார். திரும்பி நடந்தேன்.

வழியில் எங்கள் நிலத்துக்கு அடுத்த வயல்காரர்கள் நாலைந்து பேர் கரையில் நின்றார்கள். அப்பாவோடு ஜெயிலுக்குப் போனவர்கள், அவர்கள் பிள்ளைகள். குட்டையில் தண்ணீர் ஏற்றினால் தங்கள் வயலுக்கும் உப்பு ஊறும் என்று தாலுக்கா ஆபீசில் மனுக் கொடுக்கப் போகிறார்களாம். ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "நீயும் சேந்தா வித்த?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பத்திரத்தில் என் கையெழுத்து இருக்கிறதே. "நானும் கையெழுத்துப் போட்டேன் அத்தை" என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டாள்.

அந்த வாரமே மன்னார்குடி ரோட்டுப் பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு ஜன்னல் சட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, தப்பு என்மேல்தான் என்றேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியுங்க டீச்சர்" என்றார், நிமிராமல். கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு, "ஒங்க தெருவுல ரெண்டு வீட்டுல கேட் போட வேல சொல்லியிருந்தாங்க. அப்புறம் வேணாம்னுட்டாங்க" என்றார்.

எந்த இரண்டு வீடு என்று கேட்டுக்கொண்டேன். மாலையில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் போனேன். அவர் வேலையில் குறையில்லை, கேட்டைச் சாத்தாமல் போனது என் அண்ணன், விசாரிக்காமல் பேசியது நான் என்று வாசலில் நின்றபடியே சொன்னேன். ஒரு வீட்டில், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்னொரு வீட்டில் ஏற்கெனவே வேறு ஆளை வைத்து முடித்திருந்தார்கள்.