ஏழு வயது ஆபத்து

கடலுக்கு அப்பால், சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்புரோஸ் ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டினான். 1951இல் நாகப்பட்டினம் போய் பாட்ரீசியாவைக் கட்டிக்கொண்டான். கையோடு அழைத்து வந்திருக்கலாம். அப்போது யாரும் தடுக்கவில்லை. ஆனால் அது அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகள் லோரிகளை எரித்தார்கள்; வெளியே இருந்த அரசாங்கத்தார் தொழிலாளர் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி கட்டி, பொழுது சாய்ந்ததும் ஊரடங்கு போட்டார்கள். பொறுப்புள்ள கணவன் என்ன செய்வான்? கொஞ்சம் அமைதியாகட்டும், அப்புறம் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியே கப்பலேறினான்.

அமைதி வருவதற்குள் செலஸ்டின் பிறந்தாள். அவன் இன்னொரு தடவை ஊருக்குப் போய்வந்ததில் மிக்கேல்ராஜ் பிறந்தான்.

1959இல் ஒருவழியாக அமைதி வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் புதுச் சட்டமும் வந்தது. இங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் ஆறு வயதைத் தாண்டியிருந்தால் இனி உள்ளே விடமாட்டார்களாம். மகனுக்கு மூன்று வயது, மகளுக்கு ஏழு. துப்பாக்கிக்காரர்களை அடக்கி முடித்த நாட்டுக்கு அடுத்த ஆபத்து, நாகப்பட்டினத்தில் இரட்டைச் சடையோடு வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தது.

செலஸ்டினைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு மகனோடு வரும்படி அம்புரோஸ் எழுதினான். பாட்ரீசியா இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டாள். அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று டிக்கெட் விற்ற ஏஜெண்டு தைரியம் சொல்லியிருந்தான். டிக்கெட் விற்கிறவனுக்குத் தைரியம் எப்போதும் அதிகம்தான்.

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகக் கொட்டகையில், அதிகாரி சொன்னதை எழுத்து வேலை பார்த்த தமிழ்க் கிராணி ஒருவர் அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். தாயும் மகனும் தாராளமாக வரலாம். மகள் மட்டும் அதே கப்பலில் திரும்ப வேண்டும்.

"தனியாவா ஐயா? ஏழு வயசுப் புள்ளலா," என்றான், அழைத்துப்போக வந்திருந்த அம்புரோஸ்.

கிராணி அதை மொழிபெயர்த்தார். யாருடன் திரும்ப வேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்றார் அதிகாரி. அந்த அளவுக்குச் சட்டம் பெருந்தன்மையானது.

 பாட்ரீசியா மகனைத் தூக்கி அம்புரோசிடம் கொடுத்தாள்.

"இவனும் எங்கூடத் திரும்பி வந்தா நாளைக்கு இவனுக்கும் ஆறு தாண்டிடும். இவன நீங்க வச்சுக்குங்க. நா இவளோட போறேன்."

 அம்புரோசின் தோளில் இருந்த பையன் அவனை உதைத்துக்கொண்டு அம்மாவை நோக்கிக் கத்தினான். கொட்டகையில் அதற்கெல்லாம் தடை எதுவும் இல்லை.

மிக்கேல்ராஜைப் பக்கத்து வீட்டு மீனம்மா பார்த்துக்கொண்டாள். அம்புரோசை அவன் 'லோரி மாமா' என்றே கூப்பிட்டான். சோறு ஊட்டப் போனால் அக்கா எங்கே என்று கேட்டு வாயை மூடிக்கொள்வான். ஒருநாள் அம்புரோஸ் அடித்துவிட்டான். அன்று அம்புரோசும் சாப்பிடவில்லை.

1960 ஜூலையில் அவசரகாலம் முடிந்ததாக அறிவித்தார்கள். தோட்டத்தில் தேநீரும் கேக்கும் கொடுத்தார்கள். இனி எல்லாரும் குடும்பத்தோடு நிம்மதியாக வாழலாம் என்று துரை பேசினார். எல்லாரோடும் சேர்ந்து அம்புரோசும் கைதட்டினான். மறுநாள் காலை ஆபீசுக்குப் போய் வேலையை விடுவதாகச் சொன்னான்.

மகனோடு ஊர் திரும்பப் போனபோது, துறைமுகத்தில் இந்தத் தடவை யாரும் வயது கேட்கவில்லை. உடனே முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வெளியே போகிறவனுக்கு இவ்வளவு மரியாதை உண்டு என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

நாகப்பட்டினத்தில் இறங்கியதும் மிக்கேல்ராஜ் அவன் கையை உதறிவிட்டு அக்காவிடம் ஓடினான். அம்புரோசுக்கு அங்கே ஓட்ட லோரி கிடைக்கவில்லை. உப்பு மூட்டை தூக்கினான். மழைக்காலம் வரைக்கும் செலஸ்டின் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒருநாள் அவன் நனைந்து வீட்டுக்கு வந்தபோது துண்டை எடுத்து நீட்டி, "அப்பா, தலைய தொவட்டிக்குங்க," என்றாள்.