சென்சார் வெட்டாமல் விட்ட வரி

கொழும்பிலிருக்கும் மகளுக்குக் கருப்பட்டி அனுப்பி, எந்தத் தோணியில், என்றைக்கு வருமென்று எழுதியிருந்தேன். இன்று அவளுடைய பதில் வந்தது.

யுத்த ரகசியமென்று தோணியின் பெயரையும் நாளையும் சென்சாரில் கத்தரித்துவிட்டார்களாம். கடிதத்தில் ஓட்டைதான் இருந்ததாம். மருமகனைக் கஞ்சன் என்று நான் எழுதிய வரி மட்டும் முழுசாகப் போயிருக்கிறது. அதை வாசித்த மருமகன் மகளிடம் பேசுவதில்லையாம்.

தபாலாபீசுக்கு ஓடினேன். "அதையும் வெட்டியிருக்கக் கூடாதா?"

குமாஸ்தா சொன்னார்: "அண்ணாச்சி, மருமவன வையுததுக்கு ஒங்களுக்குப் பூரண சுதந்திரம் இருக்கு. தோணியப் பத்தித்தான் மூச்சு விடக்கூடாது."

வீட்டுக்கு வந்து மருமகனுக்கு எழுதிவிட்டேன்: "உங்களைக் கஞ்சன் என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன் என்றுதான் எழுதினேன். பாக்கியைச் சென்சார் வெட்டிவிட்டான்."

சர்க்கார் மறுக்கப் போவதில்லை. உங்களில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா?