ரத்னபாய் தடுத்த கொப்பு

நெய்யாற்றின்கரைப் பக்கம் திருப்புறத்தைத் தாண்டி கடலைப் பார்த்துப் போகிற ரோட்டில் மணல்முக்கு என்று ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அங்கே பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்குத் தெரியும், சித்திரை மாசத்தில் கால் வைக்க முடியாது. ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் தார், இரண்டுக்கும் மேலே உப்புக்காற்று. அந்த ரோட்டோரத்தில் ரத்னபாயும் பதினாலு பெண்களும் சேர்ந்து அறுபது மரக்கன்று நட்டார்கள். நூறு நாள் வேலைதான். அந்தப் பக்கம் தொழிலுறப்பு என்பார்கள். ரத்னபாய் அந்தக் கூட்டத்துக்கு மேட். ஆள் வந்ததைப் பதிவதும், வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் அவள் பொறுப்பு.

நட்ட அன்றைக்குப் போட்டோ எடுத்தார்கள். அடுத்த வாரமே ஆடுகள் பாதியைத் தின்றன. மீதியில் பெரும்பங்கை வெயில் தின்றது. வருஷம் முடிந்து எத்தனை பிழைத்தது என்று எழுதவேண்டி வந்தபோது, ஐம்பதுக்குக் குறையாமல் போடும்படி மேற்பார்வைக்காரர் சொன்னார். ரத்னபாய் ஒன்பது என்று எழுதினாள். ரோட்டில் நின்றது ஒன்பதுதான். அதற்காக ஆறு மாசம் மேட் வேலையை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் கணவர் சுந்தரதாஸ் கொத்தனார், அதிகம் பேசுகிறவரல்ல. "அம்பதுன்னு எழுதினா உனக்க கை வளைஞ்சா போவும்?" என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

ஒன்பது என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இனி அது எட்டாகக் கூடாது என்று அவளுக்கு ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது. காலையில் சபைக் கோயில் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். கடற்கரையில் எறிந்து கிடந்த கிழிந்த வலைகளை எடுத்துவந்து ஆடு கடிக்காமல் சுற்றிக் கட்டினாள். கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் ஒரு மாசத்தில் விட்டுவிட்டார்கள். லேகா மட்டும் விடவில்லை. ரத்னபாயைவிடப் பதினாறு வயது இளையவள், அப்போதுதான் கல்யாணமாகி வந்தவள். ரத்னபாயைச் சேச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து பின்னாலேயே வருவாள்.

ஐந்து தூங்குமூஞ்சி, மூன்று புன்னை, ஒரு பூவரசு. தூங்குமூஞ்சிகள் ஏழெட்டு வருஷத்தில் ரோட்டையே மூடிவிட்டன. பஸ் நிறுத்தத்துக்கு மேலே விரிந்து நின்ற பெரிய மரத்தின் அடியில் ஒரு ஆட்டோ ஸ்டாண்டே உண்டாயிற்று. லேகாவின் கணவன் ஸ்ரீஜித்தும் அங்கேதான் ஆட்டோ போட்டான். நிழலுக்கு வாடகை சேச்சிக்கல்லவா தரவேண்டும் என்று சிரித்துக்கொண்டே ரத்னபாய்க்குச் சாயா வாங்கிக் கொடுப்பான்.

மழைக்கு முன்னால் கம்பியில் படுகிற கொப்புகளை வெட்ட கரண்ட் ஆபீஸிலிருந்து ஆள் வருவது வழக்கம். முந்தின வருஷம் வந்தவர்கள் ஒரு கொப்பு என்று தொடங்கி, பூவரசைத் தடியைப் போல மொட்டையாக்கிவிட்டுப் போனார்கள். அது இரண்டு மாசத்தில் பட்டுப்போயிற்று. ஒன்பது எட்டாயிற்று. அந்தக் கோபம் ஆறுவதற்கு முன்னால் அடுத்த இடவப்பாதி மழைக்காலம் நெருங்கிவிட்டது. ஏணியும் வெட்டுக்கத்தியுமாக சுயம்பு என்ற ஒப்பந்த வேலைக்காரன் வந்து இறங்கினான். ரத்னபாய் வேலை செய்த இடத்திலிருந்து ஓடிவந்து ஸ்டாண்டுப் பெரிய மரத்தின் அடியில் நின்றுகொண்டாள்.

சுயம்பு பொறுமையாகத்தான் சொன்னான். "அக்கா, ஸ்டாண்டுக்கு மேல நீட்டிட்டு நிக்குத கொப்புல, கவட்டுப் பக்கம் ஒரு கீறல் உண்டு. அத மட்டும் விட்டுட்டுப் போக முடியாது."

"போன வருசமும் ஒண்ணுன்னுதான் தொடங்கினிய. மழை கழியட்டு. நானே ஆளு விட்டு வெட்டுதேன். இப்ப நீ வெட்டாண்டாம்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். கீறல் தெரிந்தது. பென்சிலால் கோடு இழுத்ததுபோல மெல்லியதாக இருந்தது. இவ்வளவு தடித்த கொப்பு இதற்கா விழப்போகிறது என்று நினைத்தாள். சுயம்புவுக்கு அன்றைக்கு இன்னும் பத்து இடத்துக்குப் போகவேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு ஏணியை மடக்கி வண்டியில் போட்டான். ஆபீஸ் புத்தகத்தில், மணல்முக்கில் வெட்டியாயிற்று என்று எழுதிவைத்தான்.

ஜூலை மாசம், பகல் மூன்று மணி. காற்றுகூடப் பெரிதாக இல்லை. இரண்டு நாள் விடாமல் பெய்த மழை நின்றிருந்தது. ரத்னபாய் பக்கத்துத் தென்னை விளையின் ஓரத்தில் கால்வாயில் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த கத்தியோடு ஓடினாள். கொப்பு ஆட்டோவின் கூரையை இருக்கைவரை அமுக்கிக்கொண்டு கிடந்தது. ஸ்கூல் விட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பிள்ளைகளை ஏற்றுவதற்காக ஸ்ரீஜித் உள்ளே காத்திருந்தான். இலைக்குள்ளிருந்து அவன் கை மட்டும் தெரிந்தது. இரண்டு மாசத்துக்கு முன்னால் வெட்டவிடாத கொப்பை ரத்னபாய் தன் கையாலேயே வெட்டினாள். ஆட்கள் வந்து பிடித்து விலக்கும்வரை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

ஸ்ரீஜித் பிழைத்தான். திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்தான். முதுகெலும்பு ஒடிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று டாக்டர் சொன்னபோது லேகாவின் பக்கத்தில் நின்றது ரத்னபாய்தான். லேகா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். வெட்டினதாக எழுதிவிட்டு வெட்டாமல் போனவனை ஊரே திட்டியது, லேகாவும் திட்டினாள். அவனும் இப்படி ஒரு கட்டிலில் கிடக்கவேண்டும் என்று சேச்சியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டே சாபம் போட்டாள். ரத்னபாய் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.  

அப்புறம் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுக்கு எழுந்து நின்றால் வாய் வராது. சுந்தரதாஸ் என்ன என்று கேட்டார், சொன்னாள். அவர், யாரும் உன்னைக் கேட்கவில்லையே என்றார். சுயம்புவின் மேல் போலீஸ் கேஸ் வரப்போவதாகப் பேச்சு வந்ததும் அவள் அவன் வீட்டைத் தேடிப் போனாள். என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "உங்க பேரச் சொன்னா நான் எழுதின பொய் மெய்யாவுமா, அக்கா?" என்றான்.

பஞ்சாயத்துக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். முன்வரிசையில் லேகா இருந்தாள். ஆளாளுக்கு சுயம்புவைப் பற்றிப் பேசி முடித்தபோது ரத்னபாய் எழுந்தாள். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்ட வந்தவன நானாக்கும் தடுத்தது. கீறல் உண்டுன்னு அவன் சொன்னான். நானும் பாத்தேன். பாத்திட்டும் விடல்ல."

 லேகா திரும்பி அவளைப் பார்த்தாள். அழுகையோ கோபமோ அந்த முகத்தில் இல்லை. தெரியாத யாரையோ பார்ப்பதுபோல ஒரு பார்வை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சுயம்புவின் மேல் கேஸ் வரவில்லை. அந்தப் பொய்க்காகப் போன வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை. ரத்னபாயின் மேட் வேலையை இந்த முறை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த எட்டு மரத்தையும் ஒரு வாரத்துக்குள் வெட்டிவிடுவது என்று முடிவாயிற்று.

அதைக் கேட்டபோதுதான் அவள் உண்மையில் நிலைகுலைந்தாள். ஸ்ரீஜித்துக்காக அழுதுகொண்டிருந்தவளுக்கு, மரத்துக்காகவும் அழத் தனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் அடங்கியிருக்க முடியவில்லை. ஆபீஸ்கள் இருக்கிற நெய்யாற்றின்கரைக்கு இரண்டு முறை பஸ் ஏறினாள். ரோட்டுக்கு மேல் நீட்டின கொப்புகளை மட்டும் கழித்தால் போதாதா, புன்னை மூன்றும் ரோட்டைவிட்டு விலகித்தானே நிற்கின்றன என்று ஆபீஸ் ஆபீஸாகக் கேட்டாள். எந்த முகத்தோடு வந்திருக்கிறாய் என்று சிலர் நேராகவே கேட்டார்கள். ஒரு இளம் அதிகாரி மட்டும் உட்காரச் சொல்லி, அந்தக் குடும்பம் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்.

அவள் ஒரு வெள்ளைத்தாளை நாலாக மடித்து முந்தியில் முடிந்துகொண்டு லேகாவின் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் ஸ்ரீஜித்தின் கால்கள், யாரோ வைத்துவிட்டுப்போன பொருளைப்போலக் கிடந்தன. லேகா வாசலுக்கு வந்தாள். ரத்னபாய் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். 

"சேச்சி வந்தது இவருக்கா, மரத்துக்கா?" என்று லேகா கேட்டாள்.

இவருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உள்ளே விட்டிருப்பாளோ என்னவோ. 

"ரெண்டுக்கும்" என்றாள் ரத்னபாய்.

லேகா கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெட்டுகிற நாளில் சுந்தரதாஸ் வேலைக்குப் போகவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை; அவளோடு கூடப்போய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். மிஷின் வாளில் ஒவ்வொரு மரத்துக்கும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பெரிய மரம் விழுந்தபோது பஸ் நிறுத்தத்தில் வெளிச்சம் திடீரென்று குத்தியது. நின்றவர்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். காக்கைகள் கூட்டைத் தேடிக் கத்திக்கொண்டு சுற்றின. ரத்னபாய் கடைசிவரை பார்த்தாள். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. அடுத்ததும் சாய்ந்தபோது மணலில் உட்கார்ந்துவிட்டாள். சுந்தரதாஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் லேகா வந்தாள். நைட்டிக்கு மேல் துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு, வீட்டுவேலையின் நடுவில் எழுந்து வந்தவளைப்போல இருந்தாள். விழுந்து கிடந்த பெரிய மரத்தின் பக்கத்தில் கொஞ்சநேரம் நின்றாள். வாள்காரன் முதல் புன்னைக்கு நகர்ந்ததும் ரோட்டைக் கடந்து அவன் முன்னால் போனாள்.

"இது நான் நட்டது. இதத் தொடாண்டாம்."

ஆர்டர் எட்டு மரத்துக்கும் இருக்கிறது என்று கான்ட்ராக்டர் சொன்னார். அந்த ஆர்டரை யார் கிடக்கிற கட்டிலைக் காட்டிப் போட்டார்கள் என்று லேகா கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. கான்ட்ராக்டர் யாருக்கோ போன் செய்தார், திரும்பவும் செய்தார். ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ரத்னபாய் எழுந்து லேகாவை நோக்கி இரண்டு அடி வைத்தாள். லேகா முதுகைக் காட்டி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மூன்று புன்னையும் இன்றைக்கும் நிற்கின்றன. அவற்றின் நிழல் ஸ்டாண்டுவரை எட்டாது. ஆட்டோக்கள் வேறு இடம் தேடிப் போய்விட்டன. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் குடை பிடித்து நிற்கிறார்கள். சிலர் ரத்னபாயைக் காணும்போது பேச்சை நிறுத்துகிறார்கள். ஐந்து மரம் போனது அவள் வாய் அடங்காததால்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு, ஒரு மனுஷன் கட்டிலில் விழுந்தது அவள் பிடிவாதத்தால் என்று சொல்கிறவர்களும் உண்டு.  வெகுநாள் அந்த வழியை விட்டுத் தெற்கே சுற்றித்தான் நடந்தாள்.

ஸ்ரீஜித்தைப் பார்க்கப் போய்வருகிற சுந்தரதாஸ்தான் ஒருநாள் வந்து சொன்னார். லேகா முந்திரிக்கொட்டை உடைக்கிற அண்டியாபீஸில் வேலைக்குச் சேரப் போகிறாளாம். பகலில் ஸ்ரீஜித்தின் பக்கத்தில் இருக்க ஆள் இல்லையாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வரும்.  மறுநாள் காலை எட்டு மணிக்கு ரத்னபாய் அந்த வாசலில் போய் நின்றாள். லேகா அவளைக் கண்டதும் பின்கதவு வழியாக வேலைக்குப் போய்விட்டாள்.

ஸ்ரீஜித் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "கோவம் இல்லன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா புரட்டிப்போட ஒரு ஆளு வேணும்" என்றான்.

அன்றைக்கிலிருந்து தினமும் போகிறாள். முன்வாசலில் அவள் நுழையும்போது பின்வாசலில் லேகா இறங்கிவிடுவாள். ஏழு மாசமாக ஒரு வார்த்தை இல்லை. போன வாரம் மருந்து மாறியிருந்தது. எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி, மேசைமேல் தண்ணீர்ச் சொம்பின் அடியில் வைத்திருந்தாள் லேகா. மேலே யார் பெயரும் இல்லை. ரத்னபாய் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை வாசித்தாள். பத்து மணி மாத்திரையைப் பிரித்துக் கையில் எடுத்துக்கொண்டு, அவன் தலையைத் தூக்கிப் பிடித்தாள்.